ஓதாகே வீட்டில் பன்னிரண்டாவது ஆள்

யூச்சினைப் பற்றி எங்கள் மாயாரித் தீவில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அவள் கடையின் இனிப்பு டோஃபுவைப் பற்றிச் சொல்வார்கள். அவள் துடுப்புப் பிடித்த வருஷத்திலிருந்துதான் படகுப் போட்டியில் மேற்குத் தெரு ஜெயிக்கிறது என்பார்கள். நான் கிழக்குத் தெருக்காரன். அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அவளுக்கு இந்தத் தீவில் குடியிருக்க அனுமதி கிடைத்த கதையை மட்டும் என் எதிரில் யாரும் எடுப்பதில்லை. நான் அந்தப் பக்கம் போனதும் எடுப்பார்கள். அந்தக் கதையில் முட்டாள் நான்தான். மற்றவர்கள் சொன்னால் கண் மூக்கு வைத்துச் சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் நெஹாரா ஸென்யூ. இந்தத் தீவின் தபால் நிலையத்தை முப்பத்தொரு வருஷம் நடத்தினேன். ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊரில் அந்த வேலைக்கு மூளை பெரிதாகத் தேவையில்லை என்று என் மனைவி ஸுமி சொல்வாள். இருக்கட்டும். ஊரில் யாருக்கு என்ன பத்திரம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஓய்வு பெற்ற மறு வருஷமே ஊர்மன்றத் தலைவர் பதவி முறைப்படி என் தலையில் வந்து விழுந்தது. கூட்டம் என்றாலே எனக்கு எரிச்சல். அரை மணி விஷயத்தை மூன்று மணி நேரம் பேசி, கடைசியில் அவமோரிச் சாராயம் குடித்துவிட்டு எழுந்து போவார்கள்.

அந்த வருஷக் கரும்பு வெட்டுக்கு வந்தவள்தான் யூச்சின். தைவானில் மியாவ்லி மலைப்பக்கத்துப் பெண், பெங் குடும்பம். வயது இருபத்தொன்பது. ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்கலாம் என்று இளவயதுக்காரர்களுக்கு ஒரு வருஷ அனுமதி கொடுப்பார்களே, அதில் வந்திருந்தாள். அதற்கு முன்னால் எட்டு வருஷம் தைச்சுங் நகரத்தில் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை. அந்தப் பழக்கத்தால், பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்க மாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள். என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சே இதுதான்:

"தபால் ஐயா, உங்க கீழ்வரிசைப் பல்லு யாரு செஞ்சது? கடிக்கும்போது இடது பக்கம் தூக்குமே?"

எனக்குச் சுருக்கென்றது. பதினாறு வருஷமாக இடது பக்கம் தூக்கிக்கொண்டுதான் இருந்தது. ஸுமியிடம்கூட நான் சொன்னதில்லை.

மார்ச்சில் கரும்பு வெட்டு முடிந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் வேறு தீவு பார்க்கக் கிளம்பினார்கள். இவள் போகவில்லை. வெல்ல ஆலையில் கொப்பரை கழுவும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒருநாள் ஆலைச் சமையல் கூடத்தில் சோயாவை ஊறவைத்து அரைத்து, பால் எடுத்து, உறைய வைத்தாள். எங்கள் ஊரிலும் இளஞ்சூடான டோஃபு உண்டு. கொழகொழவென்று, உப்பும் மீன்சாறும் சேர்த்துக் காலையில் குடிப்போம். இவளோ அதன் மேல் கருப்புச் சர்க்கரைப் பாகும் இஞ்சிச் சாறும் ஊற்றிக் கிண்ணம் கிண்ணமாக நீட்டினாள்.

"டோஃபுல சர்க்கரையா! வெளியில சொல்லிடாதம்மா," என்றாள் ஸுமி. சொல்லிவிட்டு இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். ஆலைக்காரர்கள் ஆறு கிண்ணம் வரை போனதை நானே பார்த்தேன். பல்லில்லாதவர்கள் அதிகமுள்ள ஊரில் அதன் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மே மாதம் ஒருநாள் காலையில், தெருமணலைப் பெருக்கிக்கொண்டிருந்த என் எதிரில் அவளும் ஒரு துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"தபால் ஐயா, நான் இங்கயே கடை போடணும். இங்கயே இருக்கணும்."

"எதுக்கும்மா? வாரத்துல ரெண்டு நாள் படகு ஓடாது. புயல் வந்தா கரண்ட் போயிடும். ஆம்பளைங்க எல்லாம் என்னை மாதிரி இருப்பானுங்க."

அவள் சிரிக்கவில்லை. "எட்டு வருஷத்துல எத்தனை ஆயிரம் பல்லு செஞ்சேன்னு தெரியாது. அதை வச்சு யாரு என்ன சாப்பிட்டாங்கன்னு ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்லை. இங்க, கிண்ணத்தைக் கொடுத்துட்டு நிக்கறேன். சாப்பிடறவங்க மூஞ்சி தெரியுது. எனக்கு இது போதும்."

அப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது? துடைப்பத்தைச் சாத்திவிட்டு, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

வெளிநாட்டார் இங்கே தொழில் தொடங்கினால் தங்க அனுமதி உண்டு. முதல் வேண்டும், அவள் சேமிப்பில் இருந்தது. தொழில் திட்டம் வேண்டும்; அதை நானே எழுதுவேன். தொழிலுக்கென்று ஒரு இடம், வாடகைப் பத்திரத்தோடு வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். நவம்பர் பத்தோடு அவளுடைய ஒரு வருஷம் முடிகிறது. அதற்குள் புது அனுமதி வராவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அந்த வகை அனுமதி ஒருவருக்கு ஒரு தடவைதான்.

தீவில் அன்றைக்குப் பூட்டிக் கிடந்த வீடுகள் பதினான்கு. ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் போன் போட்டேன். நாஹா, ஒசாகா, யோகோஹாமா. ஒருவனைத் தவிர எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "வீடு காலியா இல்லையே ஸென்யூ அண்ணே. அவங்கள்லாம் இருக்காங்களே." அவங்க என்றால் இரண்டாம் அறைப் பீடத்தில் பெயர்ப்பலகைகளாக இருக்கும் முன்னோர்கள். அவர்கள் இருக்கும் வீட்டை அயலாருக்கு எப்படி விடுவது? இதில் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் அண்ணன் வீடும் அப்படித்தான் ஒன்பது வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அவன் சாவியை என்னிடம்கூடக் கொடுக்கவில்லை.

கடைசியில் மிஞ்சியது மேற்குத் தெருவின் ஓதாகே வீடு. வீட்டுக்காரன் ஸெய்கி என்னோடு பள்ளியில் படித்தவன். நாஹாவில் நாற்பது வருஷம் பஸ் ஓட்டினான். பீடத்துக்குத் தினமும் தேநீர் வைத்துவந்த அவனுடைய ஒன்றுவிட்ட அக்கா, அந்த வசந்தத்தில் இஷிகாகியில் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். அதிலிருந்து ஸெய்கிக்குத் தூக்கம் இல்லை.

"அந்தப் பொண்ணை வந்து பார்க்கறேன். வீட்டை விடறேன்னு சொல்லலை, சும்மா பார்க்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தான்.

வீட்டைத் திறந்ததும் யூச்சின் யாரும் சொல்லாமலே கையைக் கழுவிக்கொண்டு, பீடத்துப் பூவின் தண்ணீரை மாற்றினாள். ஸெய்கி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தேர்வு ஆரம்பித்தது.

"ஏழாம் மாசம் அவங்க வந்துட்டுப் போறப்ப, உங்க ஊர்ல காகிதப் பணம் எரிப்பீங்களா?"

"எரிப்போமே. கட்டுக்கட்டா எரிப்போம். பெரிய டின் வச்சு எங்கப்பா மத்தியானம் வரைக்கும் எரிப்பாரு. போன வருஷம் தாத்தாவுக்கு ஒரு காகிதக் கார் அனுப்பினோம்."

"காரா! என்ன வண்டி?"

"வெள்ளைக் கலர். டிரைவரோட."

ஸெய்கி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "பஸ் செய்வாங்களா?"

"சொன்னா செய்வாங்க, ஐயா. எத்தனை சீட்டு வேணும்?"

நாற்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவன் அங்கேயே விழுந்துவிட்டான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டான். முன்னோர்களை ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது. அவர்கள் அங்கேதான் இருப்பார்கள் என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும். நாளைக்கு அவன் மகன் பத்திரத்தைக் காட்டி எதையாவது மாற்றிவிடக் கூடாது.

"எழுதிட்டாப் போச்சு," என்றேன் நான். அந்த வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும்.

நான் எதையும் அரைகுறையாக எழுதுகிறவன் இல்லை. பெயர்ப்பலகைகளை எண்ணினேன். பதினொன்று. பத்திரத்தில் நான்காவது ஷரத்தாக என் அச்செழுத்தில் எழுதினேன்: 'இவ்வீட்டில் ஓதாகே குடும்பத்தார் பதினொரு பேர் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள். அவர்கள் இரண்டாம் அறையில் தொடர்ந்து வசிப்பார்கள். வாடகைக்கு இருப்பவர் நாள்தோறும் காலையில் அவர்களுக்குத் தேநீர் அளிக்க வேண்டும்.' கீழே பதினொரு பெயர்களையும் மூத்தவரிலிருந்து வரிசையாகச் சேர்த்தேன். ஊர்மன்றத்தில் உரக்கப் படித்தேன். ஒரு தலைகூட நிமிரவில்லை. எல்லோருக்கும் அது பச்சைத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. நல்லா எழுதியிருக்கே என்று இரண்டு பேர் முதுகில் தட்டினார்கள். முத்திரை குத்தி, விண்ணப்பத்தோடு அனுப்பிவைத்தோம்.

ஆகஸ்ட் நடுவில் இஷிகாகிக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. யூச்சின் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு முற்றத்தில் நின்றாள். கடையின் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடி வந்திருந்தாள், புருவமெல்லாம் வெள்ளை. வாங்கிப் படித்தேன். கடைக்கான இடத்தில் ஏற்கெனவே வசிக்கும் பதினொரு பேரின் சம்மதக் கடிதம், வசிப்பிடச் சான்று ஆகியவற்றை இரண்டு வாரத்துக்குள் அனுப்பவும். அவர்கள் ஊழியர்களா, வாடிக்கையாளர்களா என்றும் தெரிவிக்கவும். பதினொரு பேர் வசிக்கும் அறையை ஒட்டி உணவுக் கடை நடத்துவது எப்படி என்று விளக்கவும்.

கடிதத்தில் கையெழுத்திட்டிருந்த குரிஹாரா என்ற அதிகாரிக்கு உடனே போன் போட்டேன். சைதாமாவிலிருந்து புதிதாக வந்த பையன். மரியாதையான குரல்.

"அந்தப் பதினொரு பேர்ல யார்கிட்டயாவது நான் நேரடியாப் பேச முடியுமாங்க?"

"முடியாதுங்களே."

"வேலைக்குப் போயிருக்காங்களா?"

"இல்லீங்க. அவங்கள்லாம் காலமாயிட்டாங்க."

அந்தப் பக்கம் பேனா கீழே விழும் சத்தம் கேட்டது. "பதினொரு பேருமா? எப்போ? போலீஸ்ல சொன்னீங்களா?"

விளக்கிச் சொல்லி முடிக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. அவன் கோபப்படவில்லை. புரிகிறது என்றான். ஆனால் பத்திரத்தில் வசிக்கிறார்கள் என்று இருக்கும்வரை அது கடை இல்லை, பிறர் குடியிருக்கும் வீடு. அந்த ஷரத்தை எடுத்துவிட்டால் போதும் என்றான்.

இவ்வளவுதானா என்று ஸெய்கிக்குப் போன் போட்டேன்.

"டேய் ஸென்யூ, என்னடா பேசறே? நான் கையெழுத்துப் போட்டு எங்கப்பாவைத் தெருவுல நிறுத்தணுமா?"

"தெருவுல யாருடா நிறுத்தச் சொன்னா? பேப்பர்ல ஒரு வரி, அவ்வளவுதான்!"

"எழுதாம இருந்திருந்தா அது வேற. எழுதி, படிச்சு, முத்திரை குத்தினதுக்கு அப்புறம் அடிச்சா, அது துரத்தறதுதான். எங்க பெரியப்பா ரோஷக்காரர். உனக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். அவன் பெரியப்பா என் அப்பாவோடு ஒரு வலைக்காகப் பன்னிரண்டு வருஷம் பேசாமல் இருந்தவர்.

ஸுமி அன்று எனக்குச் சோறு போட்டாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் கேட்டாள்: "செத்தவங்க பேரை வரிசையா எழுதச் சொன்னது யாரு? ஒரு வார்த்தை குறைச்சு எழுதினா கை தேய்ஞ்சிடுமா உங்களுக்கு?" யூச்சின் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. மறுநாளும் போய் மிச்சச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள்.

"ஏம்மா, கிடைக்குமான்னே தெரியலை. இப்ப எதுக்கு இது?" என்றேன்.

"நான் போனாலும் அவங்க இருப்பாங்கள்ல, தபால் ஐயா. சுவர் சுத்தமா இருக்கட்டும்." திரும்பாமலே சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தபாலைக்கூடத் தொலைக்காதவன், ஒரு பெண்ணின் வாழ்க்கையை என் கையெழுத்தாலேயே தொலைத்துவிட்டேனே என்று இருந்தது.

கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது குரிஹாரா தானே வந்து இடத்தைப் பார்க்கிறேன் என்று தகவல் அனுப்பினான். பாவம், வெளியூர்ப் பையன். சந்திரக் கணக்கெல்லாம் தெரியாது. அவன் வந்து இறங்கிய நாள் ஏழாம் மாசம் பதின்மூன்று, முன்னோர்கள் வீட்டுக்கு வரும் முதல் நாள். ஊரே கரும்பும் அன்னாசியும் சுமந்து ஓடிக்கொண்டிருந்தது. ஸெய்கியும் நாஹாவிலிருந்து முந்தின நாளே வந்து, பீடத்தில் இரண்டு முழுக் கரும்பை இரு பக்கமும் சாத்தி, பழங்களை அடுக்கி முடித்திருந்தான்.

குரிஹாரா அளவு நாடா எடுத்து எல்லாவற்றையும் அளந்தான். சமையலறை, முன்னறை, கதவு. இரண்டாம் அறை வந்ததும் நின்றான். ஸெய்கி அவனை உட்காரவைத்துப் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தான்.

"இது எங்கப்பா. மாடு வளர்த்தாரு. இது பெரியப்பா, ரோஷக்காரர், கொஞ்சம் தள்ளி உட்காருங்க. இது எங்க அத்தை, கல்யாணம் பண்ணிக்கலை, ஆனா அவங்களைக் கேக்காம ஊர்ல ஒரு கல்யாணம் நடந்ததில்லை."

பையன் ஒவ்வொருவருக்கும் தலை குனிந்து வணங்கினான். அதில் எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. எல்லாம் முடிந்ததும் நோட்டை மூடினான்.

"எனக்கு நல்லாப் புரியுதுங்க. ஆனா நான் மேல அனுப்பற காகிதம் இந்த அறைக்கு வந்து உட்காராது. வசிக்கறாங்கன்னு எழுதியிருந்தா, வசிக்கறாங்கன்னுதான் படிப்பாங்க."

"நானும் எடுக்க மாட்டேன்," என்றான் ஸெய்கி.

இருவர் மேலும் தப்பில்லை. யூச்சின் இருவருக்கும் ஆளுக்கொரு கிண்ணம் வைத்துவிட்டு, வழக்கம்போல் அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மத்தியானப் படகு ரத்து. எங்கோ தெற்கே புயல். அலை மேலே எழும்பிவிட்டது. மறுநாள் வரை பையன் எங்கும் போக முடியாது. ஸெய்கி தன் வீட்டிலேயே தங்கச் சொல்லிவிட்டான்.

பொழுது சாய்ந்ததும் மறுலோகத்துக் கிழவனும் கிழவியும் தங்கள் கூட்டத்தோடு தெருவுக்குள் வந்தார்கள். இது ஒவ்வொரு வருஷமும் உண்டு. முன்னோர்கள் வேஷத்தில் மர முகமூடி போட்ட இருவர், பின்னால் முகத்தைத் துணியால் மறைத்துப் பூ வைத்த தொப்பியோடு ஆடிவரும் பிள்ளைகள், சான்ஷின் என்ற மூன்று தந்தி வாத்தியம் வாசிப்பவர்கள். வீடு வீடாக வந்து ஆடுவார்கள். யார் வேண்டுமானாலும் மறுலோகத்தைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். ஆனால் கேட்பவர் வாயைப் பொத்திக்கொண்டு கீச்சுக்குரலில்தான் கேட்க வேண்டும். பதிலும் கீச்சுக்குரலில்தான் வரும். முகமூடிக்குள் யார் இருந்தார்கள் என்பதை எங்கள் ஊரில் சொல்லக் கூடாது. நான் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் நான் வீட்டில் இல்லை என்று ஸுமி சொன்னால், அது அவள் பாடு.

ஓதாகே வீட்டு முற்றம் நிறைந்துவிட்டது. ஆட்டம் ஆனதும் கேள்விகள் ஆரம்பித்தன.

"தாத்தா, அங்க வைஃபை உண்டா?"

"உண்டு. பாஸ்வேர்டு தெரிஞ்சவன் இன்னும் சாகலை!"

"பாட்டி, அங்க போயும் தாத்தாவோடதான் இருக்கணுமா?"

"அதை நினைச்சுத்தான் தொண்ணூத்தாறு வயசு வரைக்கும் இழுத்தேன்!"

முற்றம் சிரித்து ஓய்ந்தபோது, பின்னாலிருந்து யூச்சின் எழுந்தாள். கைத்துண்டால் வாயைப் பொத்தியிருந்தாள். கீச்சுக்குரல் சரியாக வரவில்லை, பாதியில் உடைந்தது.

"தாத்தா... நான் இங்க இருக்கலாமா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. எல்லோருக்கும் விஷயம் தெரியும். முகமூடிக்குள் வியர்வை கண்ணில் இறங்கி ஒன்றுமே தெரியவில்லை என்று கிழவர் பிறகு யாரிடமோ சொன்னதாகக் கேள்வி. விசிறியை இரண்டு தடவை ஆட்டினார். பிறகுதான் குரல் வந்தது.

"ஏன் இப்படிக் கேக்கறே? யாரு வேண்டாம்னது?"

"நீங்க பதினொரு பேர் இங்க குடியிருக்கீங்களாம்!" என்று கூட்டத்தில் ஒருத்தி கீச்சிட்டாள்.

"நாங்களா? இங்கயா? எவன் சொன்னது?"

"தபால்கார நெஹாரா எழுதிட்டான்!"

"அவனா! முப்பத்தொரு வருஷம் தபால் கொடுத்தும் ஒருத்தன் விலாசம் ஒழுங்காத் தெரியலையே அந்தக் கழுதைக்கு!" முற்றம் அதிர்ந்தது. கிழவர் விசிறியை நீட்டி அடக்கினார். "கேளுங்க. எங்க வீடு அந்தப் பக்கம் இருக்கு. இங்க நாங்க பண்டிகைக்கு வர்றோம். மூணு நாள் சாப்பிடறோம், ஆடறோம், போறோம். டேய் ஸெய்கி, அப்படி வர்றவனுக்குப் பேரு என்னடா?"

ஸெய்கிக்கு வாயைப் பொத்தத் தோன்றவில்லை. சொந்தக் குரலிலேயே சொன்னான். "விருந்தாளி."

"விருந்தாளிதானே? பூட்டின வீட்டுக்கு எவனாவது விருந்துக்கு வருவானா? அடுப்பு எரியணும். சமைச்சு வைக்க ஆள் இருக்கணும். வந்தா வாங்கன்னு சொல்லணும். நீ நாஹாவுல உக்காந்துக்கிட்டு எங்களை இங்க காவல் வச்சிருக்கியா? வீட்டைப் பார்த்துக்க நாங்க என்ன நாயா?"

ஸெய்கி குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. முன்வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருந்த குரிஹாரா மெதுவாக எழுந்தான். கையால் வாயைப் பொத்தினான். அரசாங்க உடுப்பு கலையாமல் நின்றுகொண்டு கீச்சுக்குரலில் கேட்டான்:

"அப்படின்னா... நீங்க இங்க வசிக்கலைன்னு எடுத்துக்கலாமாங்க?"

ஊர் உருண்டு புரண்டது. சான்ஷின்காரன் வாத்தியத்தைக் கீழே போட்டுவிட்டான்.

"எடுத்துக்கோ!" என்றார் கிழவர்.

"பதினொரு பேர் சார்பாவும் சொல்றீங்களா?"

"ஏய் கிழவி, நீ என்ன சொல்றே?"

"அந்த ரூம்ல காத்தே வரதில்லை. சும்மா கொடுத்தாலும் அங்க எவ குடியிருப்பா?"

மறுநாள் காலையில் ஸெய்கி என் வீட்டுக்கு வந்தான். கண் வீங்கியிருந்தது. "எழுதுடா. ஆனா இந்தத் தடவை கம்மியா எழுது," என்றான். எழுதினேன். 'ஓதாகே குடும்பத்தின் முன்னோர்கள் பண்டிகை நாட்களில் இவ்வீட்டுக்கு விருந்தினராக வருவார்கள். குடியிருப்பவர் அவர்களை வரவேற்க வேண்டும்.' அவ்வளவுதான். தேநீரைச் சேர்க்கலாமா என்று பேனாவைத் தூக்கினேன். ஸுமி என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிவிட்டாள். யூச்சின் எழுதாமலே வைப்பாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

குரிஹாரா புதுப் பத்திரத்தோடும், வழியனுப்பச் சுமத்திய நான்கு அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடும் மத்தியானப் படகில் போனான். முகமூடி சொன்னதை அவன் அறிக்கையில் எழுதினானா என்று எனக்குத் தெரியாது. எழுதியிருக்க மாட்டான், என்னைவிடப் புத்திசாலி.

அக்டோபர் கடைசியில் அவளுடைய குடியிருப்பு அனுமதி அட்டை வந்தது. முதலில் ஒரு வருஷத்துக்குத்தான். பிறகு அது மூன்றாகி, ஐந்தாகியது வேறு கதை. ஊரெல்லாம் கேட்க அழுதாள். அழுதுகொண்டே என் கீழ்வரிசைப் பல்லைக் கழற்றச் சொல்லி, உரசிச் சரிசெய்து கொடுத்தாள். நவம்பர் முதல் வாரம் கடையைத் திறந்தாள். முதல் கிண்ணம் பீடத்துக்கு, இரண்டாவது எனக்கு. மன்னித்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலத்தில், இறந்தவர்களின் புத்தாண்டுக்கு ஸெய்கி முதல் படகிலேயே வந்தான். துறைமுகத்திலிருந்து அவனோடு நானும் நடந்தேன். சிறு வயதிலிருந்தே அவனை எனக்குத் தெரியும். செருப்போடு முற்றத்துக்குள் பாய்ந்து கதவைத் தள்ளிக்கொண்டு போகிறவன். எங்கள் ஊரில் யாரும் தங்கள் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவதில்லை. அது அயலார் செய்வது.

அன்றைக்கு அவன் பவளக்கல் சுவருக்கு வெளியே நின்றுவிட்டான். தொப்பியைக் கழற்றினான். உள்ளே சோயா கொதிக்கும் வாசனை.

"யூச்சின்சான்," என்று மரியாதையோடு கூப்பிட்டான். "ஓதாகே வந்திருக்கேன். உள்ள வரலாமா?"

அவள் கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். "என்ன ஐயா இது! உங்க வீட்டுக்கு நீங்க வர என்கிட்ட கேப்பீங்களா?"

"வீடு என்னோடதுதான். குடியிருக்கறது நீதானேம்மா."

கரண்டியிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் அதட்டுகிற அதே அதட்டலைப் போட்டாள்.

"அப்ப குளிர்ல நிக்காம உள்ள வாங்க. செருப்பை வெளியில விடுங்க, இப்பத்தான் துடைச்சேன்."

ஸெய்கி சொன்னபடி செருப்பைக் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனான்.